காலாவதியான பாலிசியையும் எழுது

கும்பகோணம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புதிதாக ஒரு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறப்பு நேர்ந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கப்போவதாக நீ சொன்னது மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அதே பேச்சில் நீ சொன்ன இன்னொரு செய்திதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கிறது. இதற்கு முன் எடுத்த பாலிசி ஏதேனும் காலாவதியாகியுள்ளதா என்று படிவத்தில் வரும் கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிடலாம், அதுதான் முடிந்துபோன பாலிசி ஆயிற்றே, எழுதினால் விண்ணப்பம் வீணாக இழுபடும் என்று விற்பனைப் பிரிவிலிருந்து பேசியவர் உனக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அந்த யோசனையை நீ ஏற்கக் கூடாது. பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில், அதாவது காப்புப் பணம் கேட்டு வருவோரின் கோப்புகளைப் பார்க்கும் இடத்தில் கழித்தவள் என்ற முறையில் அதற்கான காரணங்களை எழுத்திலேயே தருகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல், ஏனென்றால் இந்தப் பாலிசியின் பணத்தைக் கேட்டு நிற்க வேண்டிய நிலை வந்தால் நிற்கப்போகிறவர் அவர்தான்.

முதலில் பழைய பாலிசியைப் பற்றித் தெளிவாகிக்கொள். 2020-இல் 28 வயதில் நீ எடுத்தது 50 லட்சத்துக்கான டேர்ம் பாலிசி. வேலை மாறியபோது பழைய சம்பளக் கணக்கை மூடினாய். அதிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நீ கொடுத்திருந்த அனுமதியும் அதோடு முடிந்துபோயிற்று. ஆண்டுப் பிரீமியத்துக்கு உரிய 30 நாள் சலுகைக் காலமும் கடந்துவிட்டதால் 2024-இல் அது காலாவதியாயிற்று. நான்கு ஆண்டு கட்டிய பணத்தில் ஏதாவது மிச்சம் இருக்காதா என்று கேட்டாய். அப்பா எடுத்திருந்தது போன்ற, காப்போடு சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசியாக இருந்தால், குறைந்தபட்ச ஆண்டுகள் கட்டிய பிறகு நிறுத்தினாலும் கட்டிய தவணைகளின் விகிதத்தில் குறைக்கப்பட்ட ஒரு தொகை ‘பெய்டு-அப்’ ஆக நிற்கும், சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை இடையில் ஒப்படைத்து முடித்துக்கொண்டால், கொஞ்சம் பணமும் வரும். வழக்கமான டேர்ம் பாலிசியில் அப்படி எதுவும் கிடையாது. கட்டிய ஆண்டுகளுக்குக் காப்பு இருந்தது, கட்டாத நாளில் அது நின்றுவிட்டது, அவ்வளவுதான். அலுவலகத்தின் குழுக் காப்பீடு இருக்கிறதே என்று இந்த இரண்டு ஆண்டுகளாக நீ தைரியமாக இருந்தாய். அது அந்த வேலையில் இருக்கும்வரைதான். வீட்டுக் கடனோ இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டியது.

ஆகவே பாலிசி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பழையதைப் புதுப்பிப்பதா, புதிதாக எடுப்பதா என்பதை மட்டும் ஒருமுறை கணக்குப் பார்த்து முடிவு செய். உன்னுடையது போன்ற, சந்தை முதலீட்டு யூனிட்களோடு இணையாத பாலிசிகளை, முதன்முதலில் கட்டத் தவறிய பிரீமியத்தின் தேதியிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் புதுப்பிக்க இடம் உண்டு. அப்படி இணைந்த யூலிப் பாலிசிகளுக்கு அது 3 ஆண்டு. உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. புதுப்பித்தால் 28 வயதுக்கு நிர்ணயித்த பிரீமியமே தொடரும். ஆனால் நிலுவை முழுவதையும் வட்டியோடு கட்ட வேண்டும், காப்பே இல்லாமல் கழிந்த காலத்துக்கும் சேர்த்து. உடல்நலம் பற்றிய அறிக்கையையும் அவர்கள் கேட்டால் மருத்துவப் பரிசோதனையையும் தர வேண்டும். அவ்வப்போது நிறுவனங்கள் புதுப்பிப்பு முகாம் அறிவித்து, தாமதக் கட்டணத்தில் சலுகை தருகின்றன; அந்தச் சலுகை பணத்துக்குத்தானே தவிர மருத்துவ நிபந்தனைக்கு அல்ல. புதிதாக எடுத்தால் நிலுவை இல்லை, ஆனால் 34 வயதுக்குரிய பிரீமியம். பழைய நிறுவனத்திடம் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. கேட்பதால் உனக்கு எந்தக் கட்டுப்பாடும் வந்துவிடாது. என் எண்ணத்தைக் கேட்டால், 50 லட்சம் இன்று உன் கடனுக்கும் குழந்தையின் படிப்புக்கும் சேர்த்துப் போதாது என்பதால் புதிய பாலிசி எப்படியும் தேவைப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு முன்பிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டதும் உனக்குச் சாதகம்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நடப்பில் உள்ள பாலிசிகளைக் கேட்பதோடு நிற்காமல், காலாவதியானவை, சரண்டர் செய்தவை, முன்பு மறுக்கப்பட்ட அல்லது ஒத்திவைக்கப்பட்ட விண்ணப்பங்கள், கூடுதல் பிரீமியம் கேட்கப்பட்டவை எல்லாவற்றையும் அவர்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. வருமானத்துக்குப் பொருந்தாத அளவுக்கு ஒருவர் காப்பு சேர்க்கிறாரா என்று பார்க்கிறார்கள். நடுவில் நோய் வந்து, பழையதைப் புதுப்பித்தால் உடல்நலம் தெரிந்துவிடும் என்று பயந்து வேறு நிறுவனத்திடம் வருகிறாரா என்றும் பார்க்கிறார்கள். உன் விஷயத்தில் பதில் மிகவும் எளியது. பாலிசி எண், நிறுவனம், தொகை, எடுத்த ஆண்டு, காலாவதியான மாதம் ஆகியவற்றைக் குறித்து, ‘வேலை மாற்றத்தின்போது வங்கிக் கணக்கு மூடப்பட்டதால் பிரீமியம் செலுத்தப்படவில்லை, புதுப்பிக்கப்படவில்லை’ என்று எழுது. நிறுவனம் அனுப்பிய காலாவதி அறிவிப்பையும் இணைத்துவிடு. பிரீமியம் கட்டாமல் போனதற்காக மட்டும் ஒருவருடைய புதிய விண்ணப்பத்தை மறுப்பது வழக்கமில்லை. மறைக்கத் தேவையே இல்லாத ஒன்றை மறைத்து, பின்னால் வருகிறவர்களின் சந்தேகத்துக்கு நீயே வழி திறந்துவிடாதே.

பாலிசியைவிட நான் அதிகம் கவலைப்படுவது, 2020-இல் நீ ‘இல்லை’ என்று உண்மையாகவே எழுதிய சில கேள்விகளுக்கு இன்று ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருப்பதைப் பற்றித்தான். குழந்தை வயிற்றில் இருந்தபோது உனக்குச் சர்க்கரை ஏறியது. பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது உண்மைதான், ஆனாலும் ‘எப்போதாவது இருந்ததா’ என்று கேட்டால் இருந்தது என்பதே பதில். தைராய்டு மாத்திரை தினமும் காலையில் சாப்பிடுகிறாய்; அதன் பெயரையும் அளவையும் எழுது. குடும்பத்தில் இளவயதில் இதயநோய் உண்டா என்ற கேள்விக்கு, அப்பாவுக்கு 54 வயதில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்ததை எழுது. அவர் நன்றாக நடமாடுகிறாரே, எழுதுவானேன் என்று உனக்குத் தோன்றலாம். அவர் நன்றாக இருப்பதும் எழுதத்தக்க செய்திதான். இரண்டையும் சேர்த்தே எழுது.

படிவத்தில் என்ன இருக்கிறது என்பதை, பாலிசி கொடுக்கும் நாளில் யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. பாலிசி தொடங்கியோ புதுப்பித்தோ மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால்தான் அந்தத் தாளை வரிவரியாகப் படிப்போம். அப்படிப்பட்ட கிளைமுக்குத் தனி விசாரணை உண்டு. கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவரிடமும், சேர்த்திருந்த மருத்துவமனையிடமும், வேலை பார்த்த அலுவலகத்திடமும் தனித்தனியாகச் சான்று வாங்குவோம். அலுவலகச் சான்றில் மருத்துவ விடுப்பு எடுத்த விவரம் வரும். மருத்துவமனைச் சீட்டின் மேற்பகுதியில் ‘இத்தனை ஆண்டாகச் சர்க்கரை’ என்று நோயாளி தன் வாயால் சொன்னது பதிவாகியிருக்கும். படிவத்தில் மறைத்தது பெரும்பாலும் அந்த ஒற்றை வரியில்தான் வெளிப்படும்.

எங்கள் பக்கத்து நெசவுக்காரர் ஒருவரின் கோப்பு எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அவருடைய பழைய பாலிசி ஒன்று காலாவதியாகியிருந்தது. நடுவில் சர்க்கரை நோய் வந்திருந்தது. புதிய படிவத்தில் இரண்டும் இல்லை. படிவத்தை நிரப்பியவர் வேறொருவர், இவர் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். இரண்டாம் ஆண்டில் அவர் இறந்தார். கட்டிய பிரீமியம் மட்டுமே அந்தக் குடும்பத்துக்குத் திரும்பியது. அவர் மனைவி வந்து, ‘எங்க வீட்டுக்காரர் ஏமாத்துற ஆள் இல்லீங்க’ என்று சொன்னார். அது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேர்மையைக் காட்ட அவர் கையெழுத்திட்ட தாளில் ஒரு வரிகூட இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், ரைடர் எனும் கூடுதல் காப்பைச் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 3 ஆண்டுகள் ஆகிவிட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் நிறுவனம் அந்தப் பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. பாலிசிதாரருக்குப் பெரிய பாதுகாப்பு அது. ஆனால் உன்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ‘புதுப்பித்த நாள்’ என்பதுதான். 2020-இல் எடுத்த பாலிசியில் நீ கடந்துவிட்ட அந்த மூன்றாண்டு, காலாவதியான பிறகு பயன்படாது. புதுப்பித்தாலும் புதிதாக எடுத்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்தே எண்ண வேண்டும். அந்த மூன்று ஆண்டுக்குள் முக்கியமான உண்மையை மறைத்தது தெரியவந்தால் பாலிசியை ரத்து செய்யலாம்; மோசடி அல்லாத நேர்வில் கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தருவார்கள். ஒரு கோடிக்கு எடுத்த பாலிசியில் சில ஆயிரங்கள் திரும்பி வந்து யாருக்கு என்ன பயன்?

உச்ச நீதிமன்றம் வரை சென்ற இரண்டு வழக்குகளை உனக்குச் சொல்ல வேண்டும். முதலாவதில், ஒரு நிறுவனத்தில் பாலிசி எடுத்த ஒருவர், இரண்டு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது முந்தையதைக் குறிப்பிடவில்லை. சில மாதங்களில் இறந்துவிட்டார். கிளைமை மறுத்தது சரியே என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார் என்ற வாதமும் எடுபடவில்லை, கையெழுத்திட்டவரே பொறுப்பு. இரண்டாவதில், 40 லட்சத்துக்கு இருந்த பெரிய பாலிசியைச் சொல்லிவிட்டு, சிறு தொகைக்கான சிலவற்றை மட்டும் விட்டிருந்தார்கள். அது முடிவை மாற்றக்கூடிய மறைப்பு அல்ல என்று சொல்லி, பணத்தைக் கொடுக்கும்படி 2025-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இரண்டாவது தீர்ப்பைக் காட்டி உன்னிடம் யாரேனும் ‘பரவாயில்லை’ என்று சொல்லக்கூடும். அந்தக் குடும்பம் மாநில நுகர்வோர் ஆணையத்திலும் தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் தோற்று, அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம்வரை ஏறித்தான் அதைப் பெற்றது. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை அப்படி அலைய வேண்டும் என்று நீ விரும்பமாட்டாய்.

இப்போது படிவத்தை அவர்களே நிரப்பி, உன் தொலைபேசிக்கு இணைப்பு அனுப்பி, ஓ.டி.பி. கேட்கிறார்கள். அந்த எண்ணைச் சொல்வது கையெழுத்திடுவதற்குச் சமம். ஆகவே அவர்கள் நிரப்பிய முழுப் படிவத்தையும் அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு பதிலையும் நீயே படித்த பிறகுதான் ஓ.டி.பி. கொடு. அவசரப்படுத்தினால் அழைப்பைத் துண்டித்துவிடு. பாலிசி வந்ததும் அத்தோடு இணைத்திருக்கும் உன் விண்ணப்ப நகலை உடனே எடுத்துப் பார். ஏதாவது தவறாக இருந்தால் எழுத்து மூலம் திருத்தச் சொல். மனம் ஒப்பவில்லை என்றால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், காப்பு இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.

உண்மையை எல்லாம் எழுதியதால் அவர்கள் கூடுதல் பிரீமியம் கேட்கலாம். அதற்கு உன் சம்மதத்தைக் கேட்டுக் கடிதம் வரும். தொகை தாங்கக்கூடியதாக இருந்தால் தயங்காமல் சம்மதி, ஏனென்றால் உன் சர்க்கரையும் தைராய்டும் தெரிந்தே அவர்கள் அந்தப் பாலிசியைத் தருகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தாலும் மனம் தளராதே. அதுவரைக்கும் வங்கி மூலம் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்; ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பு 2 லட்சம். சிறிய தொகைதான், இருந்தாலும் சேர்ந்து வை.

பிரீமியத்தை மாதாமாதம் என்று வைக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை என்று வை. மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான். சம்பளக் கணக்கிலிருந்து எடுக்கும்படி கொடுக்காதே. கும்பகோணத்தில் உனக்கு இருக்கும் சேமிப்புக் கணக்கைக் கொடு, அதில் பணம் இருக்கிறதா என்பதை நானும் பார்த்துக்கொள்வேன். நாமினியாக மாப்பிள்ளையின் பெயரைப் போட்டு, பாலிசி எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் அவருக்கும் எழுதிக் கொடு.

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், தேதிகளை அதைப் பார்த்தே எழுது. உன் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள் இங்கே பீரோவில் இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள். படிவத்தை நிரப்பியதும் ஓ.டி.பி. கொடுப்பதற்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, படித்துவிட்டு அன்றைக்கே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா