அது லென்ஸ் அல்ல, பிலிம் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய திகில் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1960இல் வந்த பிரிட்டிஷ் படமான 'வில்லேஜ் ஆஃப் தி டாம்ன்ட்'டுக்கு நாலே வரி; அதிலும் ஒரு தப்பு. பிள்ளைகளின் கண் ஒளிர்வதற்குக் கண்ணில் லென்ஸ் மாட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். லென்ஸெல்லாம் கிடையாது. பளீர் வெள்ளையில் விழியைத் தனியாக உருவாக்கி, ஆப்டிகல் பிரிண்டரில் (ஒரு பிலிம் படத்தின் மேல் இன்னொன்றைப் பதிக்கிற கருவி) படத்தின் மேல் ஏற்றினார்கள். ஆள் அசைந்தால் வேலை கஷ்டம். அதனால் பெரும்பாலும் ஃபிரேமை அப்படியே உறைய வைத்துச் செய்தது. கூர்ந்து பாருங்கள், கண் ஒளிரும் பல காட்சிகளில் பிள்ளை மூச்சுகூட விடாது.

திண்டுக்கல்லில் 31 வருடம் போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்தவன் நான். விளக்குப் பெட்டிமேல் நெகட்டிவை வைத்து, பென்சிலைக் கூராகச் சீவி, அம்மைத் தழும்பை மறைப்பது என் பிழைப்பு. நெகட்டிவில் நம் பிள்ளைகளுக்குத் தலைமுடி வெள்ளை, கண்மணி வெள்ளை, முகம் மட்டும் கறுப்பு. இந்தப் படத்தில் பொன்னிற விக் வைத்த பிள்ளைகளை முதன்முதலாகப் பார்த்தபோது, 'அட, நம்ம மேஜையில் தினம் கிடக்கிற பிள்ளைகள்' என்றுதான் தோன்றியது. விக்குக்குள் திணிப்பு வேறு, தலை பெரிதாகத் தெரிவதற்காக.

கதைக்கு மூலம் ஜான் விண்டம் 1957இல் எழுதிய 'தி மிட்விச் குக்கூஸ்' நாவல்; மிட்விச் என்ற கிராமத்துக் குயில்கள் என்று பொருள். படத்தில் அந்தக் கிராமமே ஒரு காலையில் மயங்கி விழுகிறது. பார்க்கப் போகிற போலீஸ்காரரும் பஸ் பக்கத்தில் சுருண்டு விழுகிறார். எழுந்த பிறகு பார்த்தால் ஊர்ப் பெண்கள் பலர் கர்ப்பம். பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே சாயல். நாம் குயில் என்றதும் பாட்டைத்தான் நினைக்கிறோம். காக்கைக் கூட்டில் அது முட்டையிடுவதை மறந்துவிடுகிறோம். விண்டம் மறக்கவில்லை.

2018இல் இங்கிலாந்தில், வாட்ஃபோர்டில் மகள் வீட்டில் இருந்தபோது, பக்கத்தில் உள்ள கிருஷ்ணர் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் வாங்கிக் கொடுத்த மாளிகை அது. பிரசாதம் வாங்கிக்கொண்டு அப்படியே லெட்ச்மோர் ஹீத் கிராமம் வரை நடந்தோம். ஒரு குளம், ஒரு புல்வெளி, ஒரு மதுக்கடை. படத்தில் மிட்விச்சாக வந்தது இந்த ஊர்தான் என்றேன். "இதைப் பார்க்கவாப்பா இவ்வளவு தூரம் நடக்க வச்சீங்க?" என்றாள். அவள் படம் பார்க்கவில்லை.

இன்னொன்று. பிரிட்டனில் முதலில் வெளியான பிரதியில் இந்தக் கண் ஒளியே கிடையாது. அந்தப் பிள்ளைகளின் தலைவனாக நடித்த மார்ட்டின் ஸ்டீபன்ஸ் என்ற சிறுவன் சும்மா பார்ப்பான், அவ்வளவுதான். எனக்கு அதுதான் அதிக பயம். ஒளி வந்துவிட்டால் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது; சும்மா பார்க்கிற பிள்ளையிடம் அது தெரியாது. டச்சிங்காரன் இதைச் சொல்லக் கூடாது, ஆனால் சில முகத்தைத் தொடாமல் விடுவதுதான் நல்லது.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். கூடவே ஸ்டில் போட்டால் கறுப்பு வெள்ளையிலேயே போடுங்கள். போன வாரம் அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்குப் பச்சை பூசியிருந்தீர்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
திண்டுக்கல்