ஈமாக்ஸ் ஏன் உறைகிறது: நண்பனுக்கு ஒரு பதில்

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே இடவப்பாதி மழை விடாமல் அடிக்கிறது. ரப்பருக்கு ரெயின் கார்டு போட்டாயிற்று, இருந்தும் பாதி நாள் பால் வெட்டு நடப்பதில்லை. அம்மா சுகம். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வேலைகளை டைமரில் வைத்த பிறகும், நாம் எழுதவும் திருத்தவும் வைத்திருக்கிற ஈமாக்ஸ் எடிட்டர் ஏன் அவ்வப்போது உறைந்து நிற்கிறது என்று கேட்டிருந்தாய். டைமர் என்பது வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த வேலையைச் செய்வது நீ தட்டச்சு செய்கிற அதே ஈமாக்ஸ்தான். அது முடியும் வரை உன் விசைகள் வரிசையில் நிற்கும். டைமர் ஓடும்போது, வேலையை நிறுத்தும் விசையான கண்ட்ரோல்-ஜி அடித்தாலும் பொதுவாக நிற்காது, அதை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள். 2018-இல் வந்த 26-ஆம் பதிப்பில் திரெட் (வேலைகளைத் தனித்தனி இழைகளாக ஓட்டும் வசதி) சேர்த்தார்கள், உண்மைதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். கனமான வேலைக்கு அதனால் விடிவு இல்லை.

பால் வெட்டுகிறவர் ஒவ்வொரு மரத்தடியிலும் சிரட்டை நிறையும் வரை நிற்பாரா? கோடு போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார், பால் எடுக்கப் பிறகு வருவார். ஈமாக்ஸில் இதற்கு வழி மேக்-பிராசஸ். வேலையை வெளியே ஒரு தனி நிரலிடம் கொடுத்துவிட்டு அது உடனே திரும்பி வந்துவிடும். அந்த நிரல் முடிந்ததும் சென்டினல் என்று நீ எழுதி வைத்த ஒரு சின்னச் செயல்கூறை ஈமாக்ஸ் கூப்பிடும். எனக்கு இந்த சென்டினல்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

என் வேலையையே சொல்கிறேன். பழைய ஊர்த் திருவிழா மலர்கள், கல்லூரி மலர்கள், சபை ஜூபிலி மலர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்கேன் செய்து வருகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? நாகர்கோவிலில் லண்டன் மிஷன் அச்சகம் இருந்த மாவட்டம் இது. எந்த வீட்டுப் பரணில் கைவைத்தாலும் அச்சடித்த தாள் ஏதாவது கிடைக்கிறது. பக்கப் படத்தை டெசராக்ட் என்ற நிரலிடம் கொடுத்தால் எழுத்தாக்கித் தருகிறது. ஒரு பக்கத்துக்குச் சில வினாடி ஆகும், தாள் மங்கலாக இருந்தால் இன்னும் கூடும். அதை ஈமாக்ஸுக்குள் காத்திருந்து ஓட்டினால் திருத்துகிற கை நின்றுபோகும். அதனால் மேக்-பிராசஸில் ஒரு பக்கத்தைக் கொடுக்கிறேன். அது முடிந்ததும் சென்டினல் முதலில் அந்த நிரல் முடியும்போது விட்டுப்போகும் எண்ணைப் பார்க்கும். பூஜ்யம் என்றால் சரி, வேறு எண் என்றால் அந்தப் பக்கத்தின் பெயரை ஈமாக்ஸுக்குள் திறந்த ஒரு தனி ஏட்டில் (பஃபர்) குறித்து வைக்கும். பிறகு அதுவே அடுத்த பக்கத்தைத் தொடங்கிவிடும். நான் மூன்றாம் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது பத்தாம் பக்கம் தயாராகிக்கொண்டிருக்கும்.

எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடாதே. டெசராக்ட் தானாகவே பிராசசரின் பல கோர்களைப் பிடித்துக்கொள்ளும். லேப்டாப் சூடாகிறதே தவிர வேலை வேகமாக முடிவதில்லை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், திருத்துவதில்தான் மனிதக் கண் வேண்டியிருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, ணை எல்லாம் தும்பிக்கை போட்டு வரும், ணா, றா, னா சுழித்து வரும். அங்கேதான் டெசராக்ட் அதிகம் தடுமாறுகிறது. திரும்பத் திரும்ப வரும் பிழைகளைச் சென்டினலே மாற்றிவிடும். ஆனால் ஓர் ஊர்ப் பெயரா வீட்டுப் பெயரா, அச்சுப் பிழையா அந்தக் காலத்து எழுத்து வழக்கா என்று அதற்கு எப்படித் தெரியும்? சில இடங்களில் அம்மாவிடம்தான் கேட்கிறேன். எந்திரத்துக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சமானால் அது முழுக்க இதற்குப் போகிறது.

டைமரே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன வேலைக்கு ரன்-வித்-ஐடில்-டைமர் நல்லது. ஒன்றை மட்டும் கவனி: 60 வினாடி என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் என்று பொருளில்லை. நீ கையை எடுத்து 60 வினாடி ஆனதும் ஒருமுறை ஓடும், மறுபடி நீ எதையாவது தொட்டுவிட்டு ஓய்ந்தால்தான் அடுத்த முறை. நான் கிட் கமிட்டை, அதாவது கோப்புகளின் அப்போதைய நிலையைப் பதிந்து வைப்பதை, அப்படித்தான் வைத்திருக்கிறேன், அதுவும் வெளி நிரலாகத்தான். காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகிற காலம் இது. 300 விசைக்கு ஒருமுறை, அல்லது ஏறக்குறைய 30 வினாடி சும்மா இருந்தால், ஈமாக்ஸ் தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கிறது. அதை யாரும் அணைத்து வைக்கக்கூடாது என்பது என் கருத்து.

ஈமாக்ஸின் சொந்த மொழியான லிஸ்பிலேயே எழுதிய கனமான வேலை என்றால் அசிங்க் என்ற தொகுப்பு இருக்கிறது. அது இன்னொரு ஈமாக்ஸைப் பின்னால் கிளப்பி அதில் ஓட்டும். உன் மாறிகள் எதுவும் அந்த ஈமாக்ஸுக்குத் தெரியாது, தேவையானதை நீதான் கொடுத்தனுப்ப வேண்டும்.

உன் செட்டிங் கோப்பை அனுப்பு. எது டைமரில் இருக்கலாம், எது வெளியே போக வேண்டும் என்று பிரித்துத் திருப்பி அனுப்புகிறேன். அப்புறம், ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வந்தால் உங்கள் அத்தை வீட்டுப் பரணில் இருக்கிற மலர்க்கட்டை மறக்காமல் எடுத்து வா. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, மழையில் நனையாமல் கொண்டுவந்தால் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்