துன் எச்.எஸ். லீ உரைக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

கோலாலம்பூர் வாசக அன்பர்களுக்கு வணக்கம்.

தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் மகா மாரியம்மன் ஆலயம் துன் எச்.எஸ். லீ சாலையில்தான் உள்ளது என்றாலும், அச்சாலைக்குப் பெயர் தந்தவர் ஈயச் சுரங்கத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்து, சுதந்திர மலாயாவின் முதல் நிதியமைச்சரானவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவரைப் பற்றி நம் வாசகர் வட்டத்தில் நான் ஆற்றிய உரைக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு இம்மடல் வழி நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

பழைய நாளிதழ்ச் சுருள்களை முகம் கோணாமல் எடுத்துத் தந்த நூலக ஊழியர்களுக்கு முதல் நன்றி. 1952 பிப்ரவரியில் நடைபெற்ற கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலே என் உரையின் மையம். மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவும் சீனர்களின் கட்சியான ம.சீ.ச.வும் (மலாயா சீனர் சங்கம்) கைகோத்துப் போட்டியிட்டு, 12 இடங்களில் 9-ஐக் கைப்பற்றிய அத்தேர்தலின் உடன்பாட்டுக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர், அப்போது சிலாங்கூர் ம.சீ.ச.வை வழிநடத்திய லீ. கொள்கை பற்றிய பேச்செல்லாம் பிறகுதான் வந்தது. யாரை எங்கே நிறுத்தினால் வெல்லலாம் என்ற கணக்கே முதலில் வந்தது என்பது என் கருத்து. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஈய விலையின் ஏற்ற இறக்கத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவருக்கு அந்தக் கணக்கு இயல்பாகவே கைவந்திருக்க வேண்டும்.

ஆனால் அத்தேர்தலில் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) ஆதரித்தது, அம்னோவிலிருந்து விலகிய டத்தோ ஓனின் மலாயா சுதந்திரக் கட்சியை. அம்னோ, ம.சீ.ச. கூட்டணியில் ம.இ.கா. இணைந்தது 1954-இல்தான். "நம்மவர்கள் எங்கே நின்றார்கள் என்று சொல்லாமல் என்ன வரலாறு?" என்று கேட்டு, கைப்பிரதியின் ஓரமெங்கும் சிவப்பு மையால் குறித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். உரை காரமானதற்கு அவரே காரணம்.

டி அண்ட் சி வங்கியில் எழுத்தராகப் பணியாற்றிய அம்மையார், முனை மடங்கிய தம் பழைய சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவையில் சுற்றுக்கு விட்டார். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கப்பட்ட 1959-ஆம் ஆண்டிலேயே அமைச்சர் பதவியை விட்டு விலகிய லீ, பின்னாளில் நிறுவிய வங்கி அது. நிதியமைச்சராக இருந்தவர் வங்கி முதலாளியாகலாமா என்று ஓர் இளைஞர் எழுப்பிய கேள்வி சூடான விவாதமாயிற்று. சட்டப்படி தவறில்லை என்றே வைத்துக்கொண்டாலும், இன்று ஒருவர் அப்படிச் செய்தால் நாம் வாளாவிருப்போமா என்ற அவருடைய வாதத்தை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. வணிகர் அரசியலுக்கு வரும்போது எழும் ஐயம், அவர் வணிகத்துக்குத் திரும்பும்போதும் எழுவது நியாயமே. கேட்ட தம்பிக்கு நன்றி.

மாடியறையை வாடகையின்றித் தந்ததோடு, விவாதம் நீண்டபோது இரண்டாம் முறையும் தே தாரிக் அனுப்பிவைத்த உணவக உரிமையாளருக்கும், நாற்காலிகளைச் சுமந்த இளைஞர்களுக்கும் உளமார்ந்த நன்றி. உரையின் திருத்திய படி அடுத்த சந்திப்பில் அனைவருக்கும் வழங்கப்படும்; அந்த இளைஞரின் கேள்வியையும் அதில் சேர்த்திருக்கிறேன்.