தோட்டப்புறமும் ஆங்கிலச் சூழலும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நல்ல ஆங்கில ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகையின் கடந்த வாரக் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கண்ணாடி இல்லாமல் வாசித்ததால் எதையோ பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து மறுபடி வாசித்தேன். பிழை என் கண்ணில் இல்லை. "ஆங்கிலச் சூழல் அறவே இல்லாத தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆக்கத்திறன் மிக்க ஆங்கில ஆசிரியர்களை எதிர்பார்ப்பது பொருத்தமாகாது" என்ற வசனம் அச்சில் அப்படியே இருந்தது. கட்டுரையாளர் தேயிலைத் தோட்டத்துக்காரர்களான எங்கள்மீது இரக்கப்பட்டே அதை எழுதியிருக்கிறார் என்பது தெரிகிறது. இரக்கத்துக்கு நன்றி.

ஆங்கிலச் சூழல் இல்லையாம். டன்கெல்ட், கிளென்லயன், ஸ்ட்ரத்ஸ்பே என்று ஸ்கொட்லாந்து இடங்களின் பெயரைச் சுமந்த தோட்டப் பலகைகளுக்குக் கீழே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள் நாங்கள். பக்கத்து நகரான ஹட்டனின் பெயரே அங்கிருந்து வந்ததுதான். செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை, டீமேக்கர் முகம் சுளித்தால் ஸ்டோரே, அதாவது தேயிலைத் தொழிற்சாலையே, நடுங்கும் என்று, கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் அப்பாயிமார் கூட நாள் முழுதும் ஆங்கிலச் சொற்களைப் புழங்கியே காலம் தள்ளினார்கள். அந்தச் சொற்களைப் பொறுக்கியெடுத்துப் பிள்ளையின் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியில் வென்று இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர் என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கட்டுரையாளருக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்கு அப்படி ஓர் ஆள் கிடைத்தார், எங்கள் ஆங்கில வாத்தியார். அவரை நாங்கள் "சேர்" (சார்) என்றே கூப்பிடுவோம். 1974ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. இலவசப் பாடநூல்கள் 1980இல்தான் வந்தன. அன்று எங்கள் வகுப்பு முழுவதற்கும் மூன்றே ஆங்கிலப் புத்தகங்கள், அவற்றிலும் ஒன்றுக்கு முன்பக்கங்கள் இல்லை. ஒரு திங்கட்கிழமை எங்கள் சேர் உடைந்த தேயிலைப் பெட்டியின் பக்கப் பலகையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கரும்பலகையில் சாய்த்து வைத்தார். தகர விளிம்பில் ஓர் ஆணி இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. பலகையில் கறுப்பு மையில் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. என்ற தர எழுத்துகள், அவற்றின் கீழ் குரோஸ், டெயர், நெட் என்ற மூன்று சொற்கள், அவற்றுக்கு நேரே மூன்று எண்கள். புரோக்கன் ஒரேஞ் பெக்கோ என்று அவர் விரித்துச் சொன்னதும், தேயிலைக்குள்ளே தோடம்பழம் எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டாள். சேர் சிரித்துவிட்டு, அதை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்வோம், இன்றைக்கு டெயர் போதும் என்றார். பெட்டியோடு சேர்த்து நிறுத்தால் குரோஸ், வெறும் பெட்டியின் நிறை டெயர், அதைக் கழித்த பிறகு மிஞ்சுகிற தேயிலை நெட்.

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அம்மாவைத் தேடிப் போனேன். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று இறாத்தல் கணக்கில் கழித்துவிடுவதைப் பற்றி அம்மா அடுப்படியில் புலம்பாத நாள் கிடையாது. நான் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "வட் இஸ் த டெயர், சேர்?" என்று கேட்டுவிட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை என் காதைத் திருகினார். திருகிவிட்டு, வெறுங்கூடையை வாங்கித் தராசில் மாட்டி ஒரு தரம் நிறுத்தும் பார்த்தார். புத்தகத்தைப் பார்க்காமல் நானாகக் கேட்ட முதல் ஆங்கிலக் கேள்வி அதுதான். மறுநாள் பாடசாலைக்கு முறைப்பாடு வந்தது. சேர் அடிக்கவில்லை. "த" என்று சொல்லும்போது நாக்கு பல்லில் பட்டதா என்று மட்டும் விசாரித்தார்.

தங்கள் கட்டுரை பட்டியலிட்ட காணொளி, ஒலிவாங்கி, வண்ண அட்டை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. "ஹீ கோ டு த ஸ்டோர்" என்று நாங்கள் பிழையாகச் சொன்னால், பிழை என்று சொல்லமாட்டார். "ஓ, ஹீ கோஸ் டு த ஸ்டோர்? வை?" என்று கதை கேட்கிறவர் போலத் திருப்பிக் கேட்பார். நாங்களும் கதை சொல்லும் அவசரத்தில் "பிகோஸ் ஹீ கோஸ்" என்று சரியாகச் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னதே தெரியாமல் உட்காருவோம். இதற்கு இப்போது பெரிய பெயரெல்லாம் வைத்து எங்களைப் போன்றவர்களுக்குச் செயலமர்வு நடத்துகிறார்கள். அப்படியொரு செயலமர்வில், தலைநகரிலிருந்து வந்த வளவாளர் ஒருவர், என் பக்கத்திலிருந்த இளம் ஆசிரியை "இஸ்கூல்" என்று சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. சிங்களத்தில் ஆங்கிலத்தைக் கேலியாகக் "கடுவ", அதாவது வாள், என்பார்கள். அன்று மண்டபத்தில் அந்த வாளின் கூர்மையைக் கண்டேன்.

இருபத்தெட்டு ஆண்டுகள் நானும் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்தேன் என்பதால், இன்னும் சிலவற்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன். 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அரசாங்கம் அறிவித்தபோது, தங்கள் பத்திரிகை அதைப் பக்கம் பக்கமாக வரவேற்றது. அதே ஆண்டில் என் பாடசாலையில் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போக, அவருடைய பாடவேளைகளை நிரப்பியவன் நான். ஆங்கில வாத்தியாருக்குக் கணக்குத் தெரியாமலா போகும் என்றார் அதிபர். தரம் 9 பிள்ளைகள் அந்தத் தவணை முழுவதும் ஆங்கிலமும் படிக்கவில்லை, கணிதமும் ஒழுங்காகப் படிக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஸ்மார்ட் பலகை வந்தது. கையளிக்கும் வைபவத்துக்கு வந்த பிரமுகரின் படத்தைத் தாங்கள் நாலு பத்தி அகலத்துக்குப் போட்டீர்கள். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் அவருடைய பொன்னாடைக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டாவது மழைக்காலத்தில் பலகை பழுதடைந்தது. திருத்த ஆள் வரவில்லை. நான் ஓய்வுபெறும்போதும் அது பூப்போட்ட மேசைத்துணியால் மூடிக்கிடந்தது. அது பற்றித் தங்களுக்கு நான் எழுதிய கடிதம் மூன்று வரியாகச் சுருங்கி, பிரமுகருக்கு நன்றி சொல்வதாக வெளிவந்தது. நல்ல சுருக்கம்.

நான் என் சேரைப் போல இருந்தேன் என்று சொல்லமாட்டேன். பரீட்சைக்குப் பயந்து பழைய வினாத்தாள்களை மனனம் செய்ய வைத்த ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டுகளின் மாணவர்கள் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தார்கள், வீதியில் கண்டால் தமிழிலேயே நலம் விசாரிக்கிறார்கள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டைப் போல வகுப்பிலே பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் நேற்றுச் செய்த வேலையை ஆங்கிலத்தில் சொல்லவைத்த ஆண்டுகளின் மாணவர்கள்தான், நடுத்தர வயதிலும் "குட் மோர்னிங் சேர், ஐ பிளக்ட் டுவெண்ட்டி கிலோஸ்" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். ஒருத்தி அதற்கு முந்தின நாள் உண்மையிலேயே பறித்திருந்தாள். பாடசாலைக்கு வராத நாள் அது.

இவ்வளவு எழுதிவிட்டுக் கேட்பது சிறிய விடயம்தான். முன்பு தங்கள் சனிக்கிழமைப் பதிப்பின் மாணவர் பகுதியில் அரைப் பத்தி ஆங்கிலமும் அதற்குத் தமிழ் விளக்கமும் வந்துகொண்டிருந்தன. சலூனிலும் தேநீர்க் கடையிலும் வாசித்து முடித்த பத்திரிகையைக் கேட்டு வாங்கி, அதை வெட்டிக் கடதாசி மட்டையில் ஒட்டி, பத்து ஆண்டுகள் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். யாருக்கும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டீர்கள். அந்த இடத்தில் இப்போது ராசிபலன் வருகிறது. அரைப் பத்தியைத் திரும்பத் தாருங்கள். தருவதானால், மறுபக்கத்தில் மரண அறிவித்தல்கள் இல்லாத பக்கமாகப் பார்த்துப் போடுங்கள். வெட்டும்போது யாரோ ஒருவருடைய படம் பாதியாகப் போவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பயமாக இருந்தது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
டிக்கோயா.