கிழக்கு இராஜகோபுரத் திருப்பணி: நிறைவு அறிக்கை

பேரன்புடையீர்,

நம் கோயிலின் ஐந்து நிலை இராஜகோபுரத் திருப்பணி இறையருளால் நிறைவுற்றது. மதிப்பீடு ரூ.18,00,000; செலவு ரூ.23,40,000. கூடுதலான ரூ.5,40,000 குறித்தும், கிழக்கு வாசலைப் பதினான்கு மாதம் அடைத்தது குறித்தும் பொதுக்குழுவில் எழுந்த கேள்விகளுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இரண்டாம் நிலையின் வடபுற வெடிப்பைப் பாட்டன் காலத்து வெடிப்பு என்றே நாம் அனைவரும் சொல்லிவந்தோம். பார்வையிட வந்த கட்டுமானப் பொறியாளர், வெடிப்பின் அகலத்தைவிட அது இன்னும் விரிகிறதா என்பதே முக்கியம் என்று கூறி, அதன் குறுக்கே மூன்று மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்துப் பதித்துத் தேதி எழுதிச் சென்றார். ஐப்பசி மழை முடிவதற்குள் இரண்டு துண்டுகள் உடைந்துவிட்டன. அவருடைய அறிக்கை எங்களில் பலருக்கு விளங்கவில்லை. உடைந்த கண்ணாடி விளங்கியது. ஆகவேதான் அவற்றை அலுவலகத்தில் வைத்து, வந்தவர் அனைவருக்கும் காட்டினோம். இத்தனை காலம் நின்ற கோபுரத்துக்கு இனி என்ன வந்துவிடும் என்று கேட்டவர்களுக்கு, கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய காளஹஸ்தி இராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்ததை எடுத்துச் சொன்னோம். விரிசல் பெருகியதைக் கண்டு முன்னதாகவே ஆட்களை விலக்கியிருந்ததால் அங்கே உயிர்ச்சேதம் நேரவில்லை. சுவாமி தெற்கு வாசல் வழியே புறப்பட்டதில் எங்களுக்கும் வருத்தம் உண்டு. ஆயினும் அந்த முடிவை மாற்றியிருக்க மாட்டோம்.

முதல் ஒப்பந்ததாரர், வெடிப்பைச் சிமெண்டால் அடைத்து வர்ணம் பூசி மூன்றே மாதத்தில் ஒப்படைப்பதாகக் கூறினார். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை மறிப்பதால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும். சுவர் அசையும்போதும் கடினமான சிமெண்ட் நிற்க, பழைய செங்கல்தான் பிளக்கும். இதனை எழுத்து மூலம் தெரிவித்த பின்னரும் வடகிழக்கு மூலையில் சிமெண்ட் பூசப்பட்டிருந்தது. கொத்திப் பார்த்தபோது, அதன் பின்னால் மணிக்கட்டுப் பருமனுள்ள அரசமர வேர் வெட்டப்படாமலே கிடந்தது. அன்றே வேலையை நிறுத்தினோம். செய்த வேலைக்கு அளவெடுத்துப் பணம் கொடுத்தோம். அந்தப் பூச்சுக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டோம். வேலை நின்ற மாதங்களின் சாரம் வாடகை ரூ.1,60,000, பூச்சை அகற்றி வேரெடுத்து மறுபடி கட்டியது ரூ.2,90,000, கடுக்காய் வெல்ல நீர் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த கூலி ரூ.90,000 ஆகியவையே கூடுதல் செலவு. பற்றுச்சீட்டுகள் அனைத்தும் அலுவலகத்தில் உள்ளன.

சுதை வேலை, வர்ணம், கலசம், இடிதாங்கி ஆகியவை குறையின்றி முடிந்தன.

சுண்ணாம்பு முழுவதையும் தந்த காளவாசல் குடும்பத்தார், சவுக்குக் கழிகளைக் குறைந்த வாடகைக்கு விட்ட மரக்கடைக்காரர், கலச உபயதாரர்களான கீழவீதி வணிகர்கள், மேலத்தெரு மகளிர் குழுவினர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர் இளைஞர்கள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் நன்றி.

அதே இடத்தில் மூன்று புதிய கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. படியேறிப் பார்க்க விரும்புவோர் மெய்க்காவலரிடம் சாவி பெறலாம். ஒன்று உடைந்திருந்தாலும் முதலில் வாசலை அடைத்துவிட்டு, பிறகு எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்