சாவி வைத்திருப்பவரே வழிகாட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலிலோ தாராசுரத்திலோ வழிகாட்டி கிடைப்பது சிரமமில்லை. புள்ளமங்கை, கோனேரிராசபுரம் போன்ற ஊர்களில் கோயிலைக் காட்டுகிறவர் குருக்களாக இருப்பார், கோயிலைக் காவல் காக்கும் மெய்க்காவலராக இருப்பார், இல்லையென்றால் சன்னதித் தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியவராக இருப்பார். பல இடங்களில் சாவியும் அவரிடம்தான் இருக்கும். வந்தவர்களுக்குக் காலம் முழுக்க நினைவில் நிற்பவரும் அவர்தான். அவரைப் பயன்படுத்திக்கொள்ளவும் தெரியாமல், அவருக்கு வேண்டியதைக் கொடுக்கவும் இல்லாமல் இருக்கிறோம் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் நேரம். ஒரு கால பூஜை மட்டும் நடக்கும் கோயில்களில் ஒரே குருக்கள் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துக்கொள்வார். காலையில் வந்து, பூஜையை முடித்து, பூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பதினொரு மணிக்குக் கார் போய் நின்றால் பூட்டைத்தான் பார்க்கலாம். ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது. ஊருக்குள் நுழைந்ததும் "கோயில் எப்போ திறப்பாங்க?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "குருக்கள் வீடு எது, மெய்க்காவல் யாரு?" என்று கேட்டால் வீட்டுக்கே கூட்டிப்போய் விடுவார்கள். பூஜை நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. தீபாராதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். தட்டில் போடும் காணிக்கை வேறு, ஒரு மணி நேரம் நின்று விளக்கியதற்குக் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பத்து ரூபாயோடு முடித்துக்கொள்வது சரியல்ல.

நல்ல வழிகாட்டியை முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம். கருவறையில் கும்பிட்டு முடித்ததும் வெளியே கூட்டிவந்து, விமானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், அடித்தளத்துக்கு எதிரே உட்காரச் சொல்வார். புள்ளமங்கையில் உட்காராவிட்டால் நட்டம் பார்ப்பவருக்குத்தான். அங்கே அடித்தளத்தில் உள்ள கண்டபாதங்கள் என்னும் குட்டித் தூண்களில் உள்ளங்கை அளவே உள்ள கட்டங்களுக்குள் இராமாயணக் காட்சிகளும் சிவபெருமானின் வடிவங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. நின்றபடி பார்த்தால் வெறும் மேடுபள்ளமாகத் தெரியும். விளக்கை நேராக அடித்தாலும் அப்படித்தான். நிழல் அழிந்து உருவம் தட்டையாகிவிடும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்தினால் விரல், அணிகலன், வில்லின் வளைவு என்று ஒவ்வொன்றாக எழும்பி வரும். கல்வெட்டுக்கும் இதே முறைதான். எழுத்து தெரிய வேண்டும் என்று மாவு தடவுவதும், சாக்பீஸ் தேய்ப்பதும், எண்ணெய் பூசுவதும் கல்லைக் கெடுக்கும். எண்ணெயில் தூசி படிந்து எழுத்தின் பள்ளமே அடைபட்டுப் போகும். இதைச் செய்யவிடாமல் தடுக்கிற வழிகாட்டி கோயிலுக்கே காவல்.

கல்வெட்டைத் தடையின்றிப் படிக்க எல்லோராலும் முடியாது. சோழர் கால எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடும் காட்டப்பட்டிருக்காது. ஆனால் தொடக்கச் சொற்களைக் கண்டுபிடிக்கப் பழகினாலே பாதி வேலை முடியும். "திருமகள் போல" என்று தொடங்கினால் முதலாம் இராசராசன். "திருமன்னி வளர" என்றால் முதலாம் இராசேந்திரன். "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்றால் முதலாம் பராந்தகன். அதன் பிறகு வரும் ஆட்சியாண்டை அரசன் முடிசூடிய ஆண்டோடு கூட்ட வேண்டும். பராந்தகன் பட்டமேறியது 907. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள் அவனுடைய 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சொல்வதால் 919, 921 என்று ஆண்டு வருகிறது. வெறும் "கோப்பரகேசரி" என்று மட்டும் இருந்தால் அவசரப்பட்டுப் பெயர் சொல்லக் கூடாது. சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டவர்கள்.

உள்ளே சொல்லப்பட்டிருப்பதும் எளிதில் விளக்கக்கூடியதுதான். பெரும்பாலும் நுந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்குக் கொடுத்த ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். "சாவா மூவாப் பேராடு" என்று எழுதியிருப்பார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆடு வளர்க்கிற ஊரில் பிறந்த மெய்க்காவலர் இதைச் சொல்லும்போது கேட்கிற குழந்தைக்குக்கூடப் புரியும். படித்த வழிகாட்டிகள் பலர் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

தவறுகளும் நடக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். காலையிலோ மாலையிலோ போய்ப் பார்த்தால் நிழல் நீண்டு கிடப்பது தெரியும். மூடிய கிணறோ நிலவறையோ தென்பட்டால் தஞ்சாவூருக்குச் சுரங்கம் என்பார்கள். எல்லாக் கோயிலும் கரிகாலன் கட்டியது, ஈராயிரம் ஆண்டு பழையது என்பார்கள். இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டோம். வருகிறவர்கள் கேட்பது அதிசயம். அதிசயத்துக்குத்தான் கை தாராளமாக நீளுகிறது. சரியான செய்தியை யாரும் அவர்கள் கையில் கொடுத்ததும் இல்லை.

கொடுப்பதற்குச் செய்தி இல்லாமல் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கே உரியது. கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன. அவற்றில் அந்தந்தக் கோயிலுக்கு உரியதை மட்டும் எடுத்து, எளிய தமிழில் இரண்டே பக்கமாக அச்சிட்டு, குருக்களிடமும் மெய்க்காவலரிடமும் கொடுக்கலாம். கல்வெட்டு எந்தச் சுவரில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். கோனேரிராசபுரத்தில் சோழ மன்னர் கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிற்பத்தோடு, அவருடைய தேவி செம்பியன் மாதேவியார் அவர் பெயரால் அந்தக் கற்கோயிலை எடுப்பித்த செய்தியும் கல்லிலேயே இருக்கிறது. வருகிறவர்கள் பெரிய நடராசரைப் பார்த்துவிட்டு, இது இருப்பதே தெரியாமல் திரும்புகிறார்கள்.

எந்தத் தொகுதியிலும் இல்லாத செய்தி இந்தப் பெரியவர்களிடம் இருக்கிறது. தவ்வை என்னும் மூத்ததேவி சிற்பம் முன்பு எங்கே இருந்தது, யார் காலத்தில் மரத்தடிக்குப் போனது. திருப்பணியின்போது எந்தச் சுவரைப் பிரித்துக் கட்டினார்கள், கற்களை வரிசை மாற்றி வைத்ததால் எந்தக் கல்வெட்டு குழம்பியது. கருங்கல் தளம் போட்டபோது அடித்தளத்தின் கீழ் அடுக்குகளான உபானமும் ஜகதியும் எவ்வளவு புதைந்தன. உற்சவர் திருமேனிகளில் எவை திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போயின. இவற்றை இப்போதே அவர்கள் குரலில் பதிவுசெய்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு வைக்க வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ஒளிப்படம் சான்றாக நின்றது. படமே எடுக்கப்படாத சிற்பங்களுக்கு ஊர்ப் பெரியவரின் நினைவு ஒன்றுதான் சான்று.

ஆகவே அறநிலையத்துறையிடமும் சுற்றுலாத்துறையிடமும் கேட்பது இவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கே முன்னுரிமை கொடுத்து, கோயிலுக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து, கல்வெட்டு அறிஞர்களைக் கொண்டு அந்தக் கோயிலிலேயே பயிற்சி கொடுங்கள், வகுப்பறை வேண்டாம். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அடையாள அட்டை கொடுங்கள். கட்டணத்தை வாயிலில் எழுதி வையுங்கள். கோயில் திறக்கும் நேரத்தையும், சாவி வைத்திருப்பவர் சம்மதித்தால் அவருடைய கைபேசி எண்ணையும் அதே பலகையில் எழுதுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களிலும் காவலர்களுக்கு இதே இரண்டு பக்கக் குறிப்பு கிடைக்க வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கோயிற்கலை ஆர்வலர்கள் சிலர்,
கும்பகோணம்.