டயப்பருக்குக் கெடு வைத்த நிர்வாகத்தாருக்கு

மதிப்பிற்குரிய குழந்தைகள் காப்பக நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை பிள்ளையின் பையில் மடித்து அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரண்டு வயது முடிந்த எந்தப் பிள்ளையும் டயப்பரோடு வரக்கூடாது. மதியத் தூக்கத்துக்கும் கூடாது. இதற்கு ஒத்திகையாக மூன்று வாரமாய் ஜட்டி போட்டுவிட்டு, மணிக்கொரு முறை கழிப்பறை இருக்கையில் வரிசையாக உட்கார வைக்கிறீர்கள். சரியாகப் போகிற பிள்ளையின் படத்துக்கு எதிரே நட்சத்திரம் ஒட்டச் சுவரில் ஒரு நட்சத்திரப் பலகை வேறு. அந்தக் கெடுவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என் மகனுக்கு 2 வயது 4 மாதம். போன வாரம் நான்கு நாள் அவன் ஆய் போகவில்லை. வராமல் இல்லை, அடக்கினான். வயிறு முடுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொள்வான். காலைப் பின்னிக்கொண்டு, நுனிவிரலில் எம்பி, முகம் சிவக்க, "வேணாம், வேணாம்" என்று தனக்குத்தானே முணுமுணுப்பான். கிட்டே போனால் "அம்மா போ" என்பான். திரைக்கு அடியில் அந்த இரண்டு குட்டிப் பாதங்கள் மட்டும் நடுங்குவது தெரியும். ஐந்தாம் நாள் கல்லாக வந்தது, துளி ரத்தத்தோடு. அன்று முழுக்க என் தோளைவிட்டு இறங்கவில்லை.

அந்த நான்கு நாளில் உங்களிடமிருந்து இரண்டு குறிப்புகள் வந்தன. "ஜட்டியை அடிக்கடி கறையாக்குகிறான். வீட்டில் கண்டிக்கவும்." நானும் கண்டித்தேன், அதை எழுதவே கூசுகிறது. மருத்துவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. அடக்கிய மலம் உள்ளே இறுகி அடைத்துக்கொள்கிறது. பின்னால் வருவது இளகலாக அதன் ஓரத்தில் கசிகிறது. கசிவதே பிள்ளைக்குத் தெரியாது. வலித்ததால் மறுபடி அடக்குகிறான், அடக்கியதால் இன்னும் இறுகுகிறது. இப்போது மலம் இளக்கும் மருந்து கொடுக்கிறோம். கொஞ்ச நாள் டயப்பருக்கே திரும்பிப் போகவும் சொல்லியிருக்கிறார். ஆகவேதான் கேட்கிறேன், அந்தக் கெடுவை எடுத்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. 18 மாதத்தில் தயாராகும் பிள்ளையும் உண்டு, மூன்று வயது தாண்டித் தயாராகும் பிள்ளையும் உண்டு. இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறானா, வருவதை முன்கூட்டிச் சொல்கிறானா, தானே கால்சட்டையை இறக்க முயல்கிறானா என்று பார்த்துத் தொடங்குவதுதான் முறை. உறக்கத்தில் நனைப்பது வேறு கணக்கு. ஐந்து வயதுவரை அதை யாரும் நோயென்று சொல்வதில்லை. உங்கள் சுற்றறிக்கை இரண்டு வயதுப் பிள்ளை தூக்கத்திலும் விதிமுறையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. தூங்கும்போது விதிமுறை கடைப்பிடிக்கும் பெரியவர்களையே நான் பார்த்ததில்லை.

அந்த நட்சத்திரப் பலகை பற்றியும் சொல்லியாக வேண்டும். என் மகனுக்கு இன்னும் எழுத்து தெரியாது. ஆனால் தன் பூனைப் படத்துக்கு எதிரே ஒன்றுமில்லை என்பது தெரிகிறது. "பூனைக்கு ஸ்டார் இல்ல" என்று இரவில் படுத்தபடி சொன்னான். ஒரு யோசனை: நிர்வாகக் கூட்டத்தின் நடுவே எழுந்து போகிறவர்களுக்கும் பெயர் எழுதி ஒரு பலகை மாட்டிப் பார்க்கலாமே. எத்தனை பேர் ஐந்து நிமிடம் தாங்குவார்கள் என்று பார்ப்போம். நடக்க ஒரு தேதி, பேச ஒரு தேதி, இப்போது இதற்கும் ஒரு தேதி. பிள்ளை பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார்.

மன்னிக்கவும், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். ஒரு அக்கா, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டயப்பர் மாற்றிக் கையொழியாது என்பது எனக்குப் புரிகிறது. அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இன்னொரு ஆள் வைப்பதற்குப் பதிலாகத்தான் இந்த விதி வந்ததோ என்ற சந்தேகம் மட்டும் உண்டு.

தயவுசெய்து தேதியை நீக்கிவிட்டு, எந்தப் பிள்ளை எப்போது தொடங்கலாம் என்பதைப் பெற்றோரோடு பேசி முடிவு செய்யுங்கள். மணிக்கொரு முறை வரிசைக்குப் பதில், சாப்பிட்டுச் சற்று நேரத்தில், குடல் தானே அசையும் வேளையில், ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். இருக்கையில் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க வராது. பாதம் ஊன்ற ஒரு சிறு பலகை வையுங்கள். வராவிட்டால் எழுந்து விளையாடப் போகட்டும். சுவரில் இருக்கும் பலகையைக் கழற்றிவிடுங்கள்.

நாளை அவன் பையில் ஆறு டயப்பர் வைத்து அனுப்புகிறேன். திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
பூனைப் படத்துக்காரனின் அம்மா